டெதர் ட்ரோன்: 400 வோல்ட் கனெக்டர் பின் கருகுகிறது, ஸ்பார்க்கை எப்படி நிறுத்துவது?

மொட்டைமாடி_பைலட் (கேள்வி):

வணக்கம். ஆறு மோட்டார் டெதர் ட்ரோன், அதாவது தரையிலிருந்து கேபிள் வழியே மின்சாரம் எடுத்துப் பறப்பது. தரையில் 400 வோல்ட் டிசி சப்ளை, 3 கிலோவாட். கேபிள் 60 மீட்டர், 20 கேஜ் இரண்டு கோர், கூடவே கெவ்லர் இழை. மேலே 400-ஐ 48 ஆக இறக்கும் கன்வெர்ட்டர், அதன் இன்புட்டில் 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். ஒரே இடத்தில் மிதக்கும்போது கேபிளில் ஆறரை ஆம்பியர் ஓடுகிறது. கேபிள் போனால் பத்திரமாக இறங்க 12 செல் லிப்போ பேட்டரி ஒன்று மேலேயே இருக்கிறது.

ட்ரோன் பக்கம் கேபிள் மாட்டுவது எக்ஸ்டி 60 கனெக்டரில். சப்ளை ஆனில் இருக்கும்போது மாட்டினால் 'பட்'டென்று வெடி வெடித்த மாதிரி சத்தம். இருபது தடவைக்குள் பாசிட்டிவ் பின்னின் நுனி கறுத்து, குண்டூசியால் குத்தியதுபோல் குழி விழுந்துவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும்போது கழற்றினால் பச்சையாக ஒரு கோடு இழுபடுகிறது.

இன்னொன்று: பறக்கும்போதே கன்வெர்ட்டர் லாகில் 'இன்புட் குறைவு' என்று ஒன்றிரண்டு மில்லி விநாடிப் பதிவுகள். இறக்கிப் பார்த்தால் சாக்கெட்டுக்குள் பழுப்புத் தூள். பெரிய கனெக்டர் போட்டால் இதெல்லாம் தீருமா? மேலே 60 கிராமுக்கு மேல் எடை ஏற்ற முடியாது.

டிசி_ஃபியூஸ்:

பெரிய கனெக்டர் போட்டால் இருபது தடவையில் விழும் குழி அறுபது தடவையில் விழும், அவ்வளவுதான். ஆறரை ஆம்பியருக்கு எக்ஸ்டி 60 பின்னே தாராளம். நீங்கள் கனெக்டரைச் சுவிட்ச்சாகப் பயன்படுத்துகிறீர்கள், அதுதான் விஷயம்.

உங்களிடம் இருப்பது ஒரு ஆர்க் (தொடுமுனை இடைவெளியில் காற்று வழியே பாயும் தீப்பொறி) அல்ல, மூன்று. மாட்டும்போது வருவது, கழற்றும்போது வருவது, பறக்கும்போது அதிர்வில் வருவது. மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. முதல் இரண்டை நான் சொல்கிறேன். மூன்றாவதை வின்ச் (கேபிள் சுற்றும் டிரம்) வேலை செய்கிறவர்கள் யாராவது வந்து சொல்லட்டும்.

மாட்டும்போது: காலியாக இருக்கும் 470 மைக்ரோஃபாரட் அந்த நொடியில் ஷார்ட் சர்க்யூட்டுக்குச் சமம். 20 கேஜ் செம்பு கிலோமீட்டருக்கு 33 ஓம். போக வர 120 மீட்டருக்கு 4 ஓம். 400-ஐ நாலால் வகுத்தால் 100 ஆம்பியர். பத்து மில்லி விநாடிக்குள் அடங்கிவிடும் என்றாலும், அந்த 100 ஆம்பியரும் பின்னின் நுனியில் முதலில் தொடும் ஒரு புள்ளி வழியாகத்தான் போகிறது. அந்தப் புள்ளி உருகித் தெறிக்கிறது; உங்கள் குழி அதுதான். சப்ளையில் கரன்ட் லிமிட் இருக்கிறதே என்று கேட்காதீர்கள். அதன் அவுட்புட் கெப்பாசிட்டர்களுக்கு எந்த லிமிட்டும் கிடையாது, லிமிட் விழித்துக்கொள்வதற்குள் அவை கொடுத்து முடித்துவிடும்.

இதற்கு மருந்து தரைப்பெட்டியில் பிரீசார்ஜ், அதாவது கெப்பாசிட்டரை முதலில் ஒரு ரெசிஸ்டர் வழியே மெதுவாக நிரப்புவது. கேபிளை எப்போதும் செத்த நிலையில் மாட்ட வேண்டும், மாட்டிப் பூட்டிய பிறகுதான் தரையிலிருந்து உயிர் கொடுக்க வேண்டும். மெயின் கான்டாக்டருக்கு (சப்ளையைக் கேபிளோடு சேர்க்கும் பெரிய ரிலே) இணையாக 100 ஓம் ரெசிஸ்டரும் ஒரு சின்ன ரிலேயும் போடுங்கள். முதலில் ரிலே மூடும். உச்சம் 4 ஆம்பியர்தான். 100 ஓம், 470 மைக்ரோஃபாரட் என்றால் டைம் கான்ஸ்டன்ட் 47 மில்லி விநாடி, கால் விநாடியில் நிறைந்துவிடும். 380 வோல்ட் தாண்டியதும் மெயின் கான்டாக்டர் மூடலாம்.

இதில் எல்லோரும் சறுக்கும் இடம் இரண்டு. ஒன்று, பிரீசார்ஜ் முடியும்வரை மேலே உள்ள கன்வெர்ட்டர் தூங்க வேண்டும். பாதி வோல்டேஜிலேயே அது கண் விழித்து லோடை எடுக்க ஆரம்பித்தால் வோல்டேஜ் ஏறவே ஏறாது, ரெசிஸ்டர்தான் புகையும். விழிக்கும் அளவை 350 வோல்ட்டுக்கு மேல் வையுங்கள், விழித்த பிறகும் லோடை ஒரு விநாடி தள்ளிப் போடுங்கள். இரண்டு, கேபிள் முனையில் ஷார்ட் இருந்தால் அந்த 100 ஓமில் ஏறக்குறைய 1500 வாட் எரியும். ஆகவே 100 மில்லி விநாடியில் ஒரு சோதனை: சரியான நிலையில் அப்போது 350 வோல்ட் வந்திருக்கும். 300 கூட வரவில்லை என்றால் ரிலேயை விட்டுவிட வேண்டும், அத்தோடு தவறு அறிவிப்பு. ரெசிஸ்டர் அலுமினிய உறை போட்ட ஒயர்வௌண்ட் 50 வாட். அதன் டேட்டாஷீட்டில் பல்ஸ் வரைபடத்தைப் பார்த்து வாங்குங்கள், வாட் எண்ணை மட்டும் பார்த்து அல்ல.

கழற்றும்போது: ஏசியில் கரன்ட் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் பூஜ்யத்தைத் தொடும், ஆர்க் தானாக அணைய வாய்ப்பு உண்டு. டிசியில் அது இல்லை. செம்புத் தொடுமுனைக்கு நடுவில் ஏறக்குறைய 13 வோல்ட்டும் அரை ஆம்பியரும் கிடைத்தாலே ஆர்க் உயிரோடு இருக்கும். உங்களிடம் 400-ம் ஆறரையும் இருக்கிறது. போதாக்குறைக்கு கன்வெர்ட்டர் ஒரே அளவு பவர் இழுக்கும் லோடு. ஆர்க் 30 வோல்ட்டைத் தின்றால், கரன்ட்டைக் கூட்டி ஈடு கட்டிக்கொள்ளும். அதாவது ஆர்க்குக்குத் தீனி போடும். கேபிளின் இண்டக்டன்ஸ்தான் காரணம் என்று சிலர் ஸ்னப்பர் (அந்த ஆற்றலை விழுங்கும் சின்ன சர்க்யூட்) போடச் சொல்வார்கள். போக வர ஜோடியாக ஓடும் கேபிளில் அது சில பத்து மைக்ரோஹென்றிதான், ஆறரை ஆம்பியரில் சேரும் ஆற்றல் ஒரு மில்லி ஜூல் அளவு. ஆர்க்கை வளர்ப்பது சப்ளை, கேபிள் அல்ல.

தரைப்பெட்டியில் என்ன ரிலே இருக்கிறது என்றும் பாருங்கள். மேலே '10 ஆம்பியர் 250 வோல்ட் ஏசி' என்று அச்சடித்திருந்தால் அதன் கீழேயே '30 வோல்ட் டிசி' என்று சின்னதாக இருக்கும். 400 டிசிக்கு அது ஆகாது. மின்சாரக் கார்களில் வரும், வாயு அடைத்து, ஆர்க்கைக் காந்தத்தால் ஊதி அணைக்கும் வகை டிசி கான்டாக்டர் வேண்டும். பல மாடல்களுக்கு பிளஸ் மைனஸ் உண்டு, மாற்றிக் கட்டினால் காந்தம் ஆர்க்கைத் தப்பான பக்கம் தள்ளும். ஃபியூஸும் அப்படித்தான்: கண்ணாடிக் குழாய் ஃபியூஸ் வேண்டாம், சோலார் ஸ்ட்ரிங்குக்கு வரும் 10×38 அளவு, 1000 வோல்ட் டிசி, 10 ஆம்பியர்.

மொட்டைமாடி_பைலட்:

நன்றி சார். பிரீசார்ஜ் புரிந்தது. ஒரு சந்தேகம்: எக்ஸ்டி 90-எஸ் என்று ஆன்டி ஸ்பார்க் கனெக்டர் கிடைக்கிறதே, உள்ளேயே ரெசிஸ்டர் இருக்கிறதாம். தரைப்பெட்டியைத் திறக்காமல் அதை மட்டும் மாட்டினால் போதாதா? எக்ஸ்டி வகைக்கு 500 வோல்ட் என்று டேட்டாஷீட்டிலும் போட்டிருக்கிறதே.

இருபது_கேஜ்:

போதாது. அதன் ரெசிஸ்டர் 5.6 ஓம். பேட்டரிப் பக்கத்துக்காக வந்த பொருள் அது. எட்டு ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பலகை), ஒவ்வொன்றிலும் 470 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் என்று வையுங்கள், மொத்த ஆற்றல் 5 ஜூலுக்குள். உங்கள் 400 வோல்ட் பக்கம் ஒரே ஒரு 470 மைக்ரோஃபாரட்டில் 37 ஜூல். ஆற்றல் வோல்டேஜின் வர்க்கமாக ஏறும் என்பதை மறந்துவிடுகிறோம். கேபிளின் 4 ஓமும் சேர்ந்து 9.6 ஓம், உச்சம் 42 ஆம்பியர். 37 ஜூலில் பாதிக்கு மேல் அந்தக் கடுகளவு ரெசிஸ்டரில் போய் விழும். சில தடவையில் அது திறந்துகொண்டுவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. கழற்றும்போது வரும் ஆர்க்குக்கோ அது எந்த உதவியும் செய்யாது.

அதை வாங்கி 12 செல் லிப்போ பக்கம் போடுங்கள், அங்கே அருமையான பொருள். மாட்டும்போது முதல் தொடுகையில் அரை விநாடி நிறுத்தி, பிறகு முழுசாகத் தள்ளுங்கள். ஒரே அமுக்கில் தள்ளினால் கெப்பாசிட்டர் நிறையும் முன்னே மெயின் தொடுமுனை சேர்ந்துவிடும்.

500 வோல்ட் விஷயம்: அது செத்த நிலையில் மாட்டிய ஜோடி தாங்கும் அளவு. லோடில் கழற்ற அனுமதி அல்ல. எம்சி 4 சோலார் கனெக்டரைப் பாருங்கள், 1000 வோல்ட் பொருள்தான், அதன் மேலேயே 'லோடில் பிரிக்காதே' என்று பொறித்திருப்பார்கள். மேலும் எக்ஸ்டி 60-இல் பின் மையத்துக்கு மையம் 7 மி.மீ. சொச்சம், பின் தடிமன் 3.5 மி.மீ. நடுவில் மிஞ்சுவது 4 மி.மீ.க்கும் குறைவு. ஐஇசி 60664 என்ற இன்சுலேஷன் தரநிலையின் அட்டவணைப்படி 400 வோல்ட்டுக்குச் சாதாரண பிளாஸ்டிக் பரப்பில் சுத்தமான உள்ளறைச் சூழலில் 4 மி.மீ. தவழ் தூரம் (பிளாஸ்டிக் பரப்பின் மேலாக அளக்கும் இடைவெளி) வேண்டும். தூசி, ஈரம் இருக்கும் வெளியிடத்தில் 6.3 மி.மீ. கடற்கரைப் பக்கம் பறக்கவிட்டால் உப்புப் படலம் வேறு. உங்கள் கேஸில் சால்டர் பண்ணிய கிண்ணங்கள் பின்பக்கம் திறந்துதானே இருக்கின்றன? அங்கேதான் முதலில் கரிக்கோடு ஓடும். 2000 மீட்டருக்கு மேலே மலையில் பறக்கவிடுபவர்கள் காற்று இடைவெளியையும் கூட்ட வேண்டும், 3000 மீட்டரில் 1.14 மடங்கு.

மாற்றாக, எம் 12 வட்டக் கனெக்டரில் எஸ் கோடிங் (பின் அமைப்பைக் குறிக்கும் எழுத்து). 630 வோல்ட் ஏசி, 12 ஆம்பியர், திருகிப் பூட்டும், நீர் புகாது, உங்கள் எடைக்குள் அடங்கும். கடையில் கேட்கும்போது கோடிங் எழுத்தைச் சொல்லிக் கேளுங்கள். எல் கோடிங் என்று இன்னொன்று, வெளியே பார்க்க அச்சு அசல் அதே உருவம், ஆனால் அது 63 வோல்ட் டிசிக்குத்தான்.

வின்ச்காரன்:

பறக்கும்போது வரும் பிரச்சினை என் பக்கம். அந்தப் பழுப்புத் தூள் எரிந்த கரி அல்ல, உராய்ந்து ஆக்சைடான செம்பு. எக்ஸ்டி பின்னின் தங்கம் மிக மெல்லிய பூச்சு. இரண்டு இறக்கை புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் விநாடிக்கு 100 தட்டு. ஒவ்வொரு தட்டிலும் பின் சாக்கெட்டுக்குள் ஒரு மயிரிழையில் பாதி அசைந்தாலே போதும்: பூச்சு தேயும், அடியில் செம்பு ஆக்சைடாகும், அந்தத் தூள் தொடுபுள்ளியைத் தூக்கிப் பிடிக்கும், ஒரு கணம் திறக்கும். திறந்த கணத்தில் ஒரு குட்டி ஆர்க், உருகி மறுபடி ஒட்டிக்கொள்ளும். லாகில் பார்ப்பது அதுதான்.

எதை மாற்றினாலும், முதலில் இழுவிசையைப் பின்னிலிருந்து எடுங்கள். கெவ்லரைக் கனெக்டருக்கு 15, 20 செ.மீ. முன்னாலேயே பிரித்து, ட்ரோனின் பிரேமில் ஒரு விரல்மோதிரம் போன்ற திம்பிளில் தனியாகக் கட்டுங்கள். அதன் பிறகு செம்பு ஒயர் 4, 5 செ.மீ. தளர்வாக ஒரு வளைவு எடுத்துக் கனெக்டருக்குப் போகட்டும். காற்றில் கேபிள் வெட்டி இழுக்கும்போது அந்த வளைவு ஆடக்கூடாது. பிரேமில் ரப்பர் கிளாம்ப் ஒன்று. கெவ்லர் முடிச்சு 5 மி.மீ. வழுகினாலும் வளைவு தின்றுகொள்ளும், பின்னுக்குத் தெரியாது. முடிச்சுக்குப் பக்கத்தில் மார்க்கரில் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு நகர்ந்திருந்தால் அன்றைக்குப் பறக்க வேண்டாம்.

சால்டர் வேண்டாம், கிரிம்ப் செய்யுங்கள், அதாவது உலோகக் குழலை ஒயர்மேல் நசுக்கி இறுக்குங்கள். சால்டர் இழைகளுக்குள் ஏறி, அது முடியும் இடத்தில் ஒயர் கம்பி மாதிரி விறைத்துவிடும். அதிர்வில் சரியாக அங்கேதான் ஒவ்வொரு இழையாக ஒடியும். இன்சுலேஷனுக்குள்ளே ஒடிவதால் கண்ணுக்குத் தெரியாது, கடைசி நாலைந்து இழை மிஞ்சும்போது ஆர்க் ஒயருக்குள்ளேயே நடக்கும். ஒவ்வொரு பேட்சிலும் ஒரு கிரிம்ப்பை இழுத்துப் பாருங்கள்: 20 கேஜுக்கு 6 கிலோ தொங்கவிட்டும் உருவி வரக்கூடாது.

பூச்சில் தங்கத்துக்குத் தங்கம், வெள்ளிக்கு வெள்ளி. தங்கப் பின்னைத் தகரப் பூச்சுச் சாக்கெட்டில் மாட்டினால் தேய்மானம் வேகம் பிடிக்கும். ஒற்றைப் பிளவு பின்னைவிட, உள்ளே வில்தகடு வளையம் உள்ள சாக்கெட் நல்லது. ஒரு புள்ளி திறந்தாலும் பத்துப் புள்ளி பிடித்திருக்கும்.

சோதிக்க ஓம் மீட்டர் உதவாது. மாட்டிய ஜோடி வழியே பெஞ்ச் சப்ளையிலிருந்து 5 ஆம்பியர் விட்டு, இரண்டு முனைக்கும் நடுவே மில்லிவோல்ட் பாருங்கள். 5 மில்லிவோல்ட் என்றால் 1 மில்லி ஓம், நல்லது. அப்படியே ஒயரை விரலால் லேசாக ஆட்டுங்கள். எண் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். 5-லிருந்து 12-க்கும் 30-க்கும் தாவினால் சராசரி எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தக் கனெக்டர் குப்பைக்கு. கரன்ட் அதிகமான 48 வோல்ட் பக்கத்தையும் இதேபோல் பாருங்கள். அங்கே 45 ஆம்பியரில் 5 மில்லி ஓம் என்றாலே 10 வாட் சூடு.

வின்ச்சின் ஸ்லிப் ரிங்கும் (சுழலும் டிரம்முக்கு மின்சாரம் கடத்தும் வளையம்) ஒரு கனெக்டர்தான், ஓயாமல் உராய்கிற கனெக்டர். பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் தலா இரண்டு மூன்று வளையங்களை இணையாகக் கட்டுங்கள், பிளஸ் வளையத்துக்கும் மைனஸ் வளையத்துக்கும் நடுவே ஒரு வளையத்தைக் காலியாக விடுங்கள். பிரஷ் தூள் சேரும் இடம் அதுவே.

பைலட்_பின்:

இன்னும் யாரும் தொடாத ஒன்று: நடைமுறை என்னதான் எழுதி ஒட்டினாலும் ஒருநாள் யாரோ ஆன் நிலையில் கழற்றுவார்கள். மின்சாரக் கார் மாதிரி இண்டர்லாக் (கழற்றத் தொடங்கியதும் சப்ளையை நிறுத்தும் சிக்னல் லூப்) போடலாம், ஆனால் உங்கள் கேபிளில் இரண்டே கோர். அதன் வழியே தரைக்குச் சிக்னல் திரும்ப வழியில்லை. அதனால் சப்ளையை அல்ல, லோடை நிறுத்துங்கள்.

மெயின் பின்களைவிட 2 மி.மீ. குட்டையான இரண்டு பின்கள் ட்ரோன் பக்கக் கனெக்டரில். கேபிள் பக்கத்தில் அந்த இரண்டையும் ஒரு ஜம்பரால் இணையுங்கள். இந்த லூப் கன்வெர்ட்டரின் எனேபிள் காலுக்கு (அதை இயக்கவும் நிறுத்தவும் உள்ள முனை) போகும். கழற்றும்போது குட்டைப் பின் முதலில் விடும், கன்வெர்ட்டர் உடனே நிற்கும், மோட்டார்கள் லிப்போவுக்குப் போகும். மெயின் பின் பிரியும் நேரத்தில் கேபிளில் கரன்ட் இல்லை, இன்புட் கெப்பாசிட்டரும் 400-லேயே இருப்பதால் பின்னின் இரு பக்கமும் வோல்டேஜ் வித்தியாசமும் இல்லை. ஆர்க்குக்குச் சாப்பாடே கிடையாது. வேகமாக உருவினால், விநாடிக்கு ஒரு மீட்டர் என்று வைத்தாலும், அந்த 2 மி.மீ.க்கு 2 மில்லி விநாடி ஆகும். கன்வெர்ட்டரின் எனேபிளுக்கு அது தாராளம். கான்டாக்டரை நம்பினால் போதாது, அது திறக்கவே 10 மில்லி விநாடி எடுக்கும். தரைப்பெட்டி தன் பங்குக்கு, கரன்ட் பூஜ்யத்துக்கு விழுந்து ஒரு விநாடி ஆனால் கான்டாக்டரைத் திறக்கட்டும்.

எம் 12 எஸ் கோடிங்கில் குட்டைப் பின் கிடையாது, அதைச் சொல்லியாக வேண்டும். திருகுப் பூட்டு இருப்பதால் தற்செயலாக உருவ முடியாது என்பதே அதன் பாதுகாப்பு. குட்டைப் பின் வேண்டுமென்றால் பின்னைத் தனியாகச் செருகும் வட்டக் கனெக்டர் வகையில் நீளம் மாற்றி வாங்க வேண்டும்.

உயிருள்ள முனை எப்போதும் சாக்கெட்டாக இருக்கட்டும், அதாவது கேபிள் முனை. அப்போது ட்ரோன் பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது ஆண் பின், அதில் கெப்பாசிட்டரின் 400 வோல்ட். தொட்டால் ஆளைக் கொல்லும் அளவு அது. இதற்கு இரண்டும் செய்யுங்கள். ஒன்று, கெப்பாசிட்டருக்குக் குறுக்கே 22 கிலோஓம் 5 வாட் இரண்டு, தொடராக. எப்போதும் மூன்றரை வாட் வீணாகும், 60 வோல்ட்டுக்குக் கீழே இறங்க 40 விநாடி ஆகும். கொஞ்சம் கூட்டி, 'ஒரு நிமிடம் பொறு' என்று ஸ்டிக்கர் ஒட்டுங்கள். ஐந்தே விநாடியில் இறக்க வேண்டும் என்று 5.6 கிலோஓம் போட்டால் 28 வாட் ஓயாமல் எரியும், அதனால் அவசரம் உள்ளவர்கள் மாஸ்ஃபெட் (எலக்ட்ரானிக் சுவிட்ச்) வைத்துத் தேவைப்படும்போது மட்டும் இறக்குகிறார்கள். இரண்டு, பின்னுக்கும் கெப்பாசிட்டருக்கும் நடுவே ஒரு 1000 வோல்ட் டயோடு. ஆறரை வாட் சூடாகும், ஹீட்சிங்கைப் புரொப்பெல்லர் காற்றுப் படும் இடத்தில் வைத்தால் சமாளிக்கும். கழற்றியதும் பின்னில் கெப்பாசிட்டரின் பலம் இருக்காது. டயோடு லீக் ஆகும் என்பதால் ஒரு நிமிட ஸ்டிக்கரை எடுத்துவிடாதீர்கள்.

டிசி_ஃபியூஸ்:

லோடை நிறுத்துவது நல்ல யோசனை, நான் அந்தக் கோணத்தில் பார்க்கவில்லை. ஆனால் அது கழற்றும்போது மட்டும் காக்கும். பறக்கும்போது ஒயருக்குள் ஒடிந்த இழையில் ஆர்க் பிடித்தால் அந்தக் குட்டைப் பின் சும்மா இருக்கும். அதற்குச் சோலாரில் இருப்பதுபோல் ஆர்க்கின் மின் இரைச்சலை வைத்துக் கண்டுபிடிக்கும் சர்க்யூட் போடலாம் என்பார்கள். ஈஎஸ்சிகளும் கன்வெர்ட்டரும் அதே கிலோஹெர்ட்ஸ்களில் இரைந்துகொண்டிருப்பதால் பொய் எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும்.

எளிய வழி கணக்கு. தரை வோல்டேஜ், தரைக் கரன்ட், மேலே இன்புட் வோல்டேஜ் மூன்றும் டெலிமெட்ரியில் (பறக்கும்போது வந்துகொண்டிருக்கும் அளவீடுகள்) இருக்கிறதல்லவா? 400-இல் கேபிள் சரிவைக் கழித்தால் மேலே வர வேண்டியது தெரியும்: 6.5 × 4 = 26, ஆக 374. உண்மையில் 355 வந்தால் நடுவே எங்கோ 19 வோல்ட் தொலைகிறது. ஆர்க் என்பது 13 வோல்ட்டுக்குக் குறைந்து இருக்காது, எனவே 10 வோல்ட் வித்தியாசம் 50 மில்லி விநாடி நின்றால் எச்சரிக்கை, லிப்போவுக்கு மாறி, கேபிளுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்து. டிரம்மில் சுற்றிய கேபிள் சூடாகும் என்பதைக் கணக்கில் எடுங்கள். 40 டிகிரி ஏறினால் 4 ஓம் 4.6 ஆகும், சரிவு 30 வோல்ட் ஆகும். ஆனால் சூடு நிமிடக்கணக்கில் ஏறும், ஆர்க் ஒரே தாவலில் வரும். மெதுவாக நகர்வதைப் பின்தொடரும் சராசரி ஒன்றை வைத்து, அதிலிருந்து தாவலை மட்டும் பிடியுங்கள்.

மொட்டைமாடி_பைலட்:

எல்லாருக்கும் நன்றி. எம் 12 எஸ் கோடிங், தரையில் பிரீசார்ஜ், கெவ்லர் தனிக்கட்டு. முதலில் இந்த மூன்றும். கடைசியாக ஒன்று: பின்னில் சிலிக்கோன் கிரீஸ் தடவலாமா? உப்புக்காற்று இங்கே அதிகம்.

வின்ச்காரன்:

பின்னில் வேண்டாம் தம்பி. ஆர்க் படும் இடத்தில் சிலிக்கோன் எரிந்து மணல் மாதிரி ஒரு படலம் விடும், அது கரன்ட் கடத்தாது. பின்னுக்கு ஃபுளோரின் வகை கிரீஸ், பல்குத்தும் குச்சி நுனியில் எடுத்த அளவு. சிலிக்கோனை வெளியே ரப்பர் ஓ-ரிங்குக்குத் தடவிக்கொள்ளுங்கள். மாட்டாத நேரத்தில் இரு முனைக்கும் மூடி போடுங்கள், மூடிக்குள் ஈரம் இருந்தால் முதலில் காயவைத்துவிட்டு.